குதிரையின் குருதி கூறிய உண்மை

குதிரைப்படையே அரசுகளின் வலிமையாக விளங்கிய நாளில், வடமேற்கு இந்தியாவில் ‘சுர்ரா’ என்னும் நோய் குதிரைகளையும் ஒட்டகங்களையும் மாய்த்து வந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடல் வெளுத்து மெலியும், கால்கள் வீங்கும், முடிவில் சாவு நேரும்.

1880-ஆம் ஆண்டில், இதனை ஆராயும் பொருட்டுத் தேரா இஸ்மாயில் கானுக்குச் சென்றார் வேல்ஸ் நாட்டவரான படைக் கால்நடை மருத்துவர் கிரிபித் எவன்ஸ். நோயுற்ற விலங்கின் குருதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபோது, நெளிந்தோடும் நுண்ணுயிர்கள் தெரிந்தன. கண்டதோடு அவர் அமைந்தாரில்லை. அக்குருதியை நலமுள்ள விலங்குகளின் உடலிற் செலுத்தினார், அவையும் நோயுற்றன. ஆகவே, இந்நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்று துணிந்து எழுதினார்.

மேலிடத்து அறிஞர்கள் ஒப்பினாரில்லை. நோயினாற் கிருமி தோன்றுமேயன்றிக் கிருமியினால் நோய் தோன்றாது என்பது அந்நாளில் பலர் கொண்டிருந்த கருத்து.

பெரிய ஈக்கள் கடிப்பதாலேயே இந்நோய் வருகிறதென அவ்வூர் மக்கள் கூறிவந்தனர். எவன்ஸ் அதனை இகழாது, தம் அறிக்கையிற் குறித்து வைத்தார். 1901-இல் லியோனார்டு ராஜர்ஸ் செய்த சோதனை, குதிரை ஈக்கள் நோயைப் பரப்புவதை மெய்ப்பித்தது. மக்கள் கூற்றில் உண்மை இருந்தது.

அந்நுண்ணுயிர் இன்று எவன்ஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1917-இல் மேரி கிங்ஸ்லி பதக்கம் அவரது முதுமையைத் தேடி வந்தது. நூறாண்டு வாழ்ந்து 1935-இல் மறைந்தார்.

தோழர்களே! பதவி மறுத்த உண்மையை ஒரு துளிக் குருதி நிலைநாட்டிற்று. ஏடறியாதார் சொல்லும் ஆராய்ச்சிக்கு வழி காட்டிற்று. சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது மெய்யா என்று சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.