நாற்பது தடங்களும் நான்கு நிறுவனங்களும்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதப் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கான செல்பேசிகள் திடீரென்று ஊமையாயின. கடனில் மூழ்கிய ஏர்செல் நிறுவனத்தின் சேவை பல ஊர்களில் நின்றுபோயிற்று. நாமக்கல் வட்டாரத்தில் இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். இங்கிருந்து புறப்பட்ட லாரி எங்கோ வடக்கே ஓடிக்கொண்டிருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வேறு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கும். முட்டை வியாபாரி அன்றைய விலையைக் கேட்கக் காத்திருப்பார். இவர்களை வீட்டோடும் தொழிலோடும் இணைத்திருந்தது ஒரு பத்து இலக்க எண்தான்.

தொலைபேசித் துறையில் நிறுவனங்கள் பல இருப்பது நல்லதா, ஒன்றிரண்டு மட்டும் இருப்பது நல்லதா? இது வெறும் வணிகக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

நெடுஞ்சாலையில் ஒரு சுங்கச்சாவடி. அதில் நான்கு வழிகள். எந்த வண்டியும் எந்த வழியிலும் போகலாம் என்றால் நெரிசல் குறைவு. சிவப்பு லாரிக்கு ஒரு வழி, பச்சை லாரிக்கு ஒரு வழி என்று ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? சிவப்பு வழியில் வண்டிகள் நீண்டு நிற்கும்போது பச்சை வழி காலியாகக் கிடக்கும். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்.

ஒரு கோபுரத்தில் ஒரே சமயத்தில் 40 பேர் பேசத் தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். 100 அழைப்புகளில் 2-க்கு மேல் தவறக் கூடாது என்பது நிபந்தனை. எல்லாத் தடங்களும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், சராசரியாக 31 பேர் இடைவிடாமல் பேசும் அளவு போக்குவரத்தைத் தாங்கலாம். இரண்டு நிறுவனங்களுக்கு இருபது இருபதாகப் பிரித்தால் அது 26 ஆகும். நான்காகப் பிரித்தால் வெறும் 20! காற்றில் உள்ள அலைவரிசை கூடவில்லை, குறையவில்லை. பிரித்ததனாலேயே மூன்றில் ஒரு பங்கு வீணாயிற்று.

அப்படியானால் ஒரே நிறுவனம் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1882-ஆம் ஆண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொலைபேசியைத் தொடங்கியது ஒரு தனியார் கம்பெனி. 1943-இல் அந்த மூன்று நகர அமைப்புகளையும் அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது. கம்பிக் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியே கம்பி இழுப்பது வீண் செலவு அல்லவா? அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போட்டிக் கம்பெனிகள் தமக்குள் இணைப்புக் கொடுக்காததால், பல வியாபாரிகள் மேசையில் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒற்றை நிறுவனத்துக்கு அவசரம் இல்லை. தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1994-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. செல்பேசிக்கு ஒரு வட்டத்துக்கு இரண்டு உரிமங்களே வழங்கப்பட்டன. அந்நாளில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு! 1997-இல் ட்ராய் எனும் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. நிறுவனங்கள் பெருகின. கட்டணம் பைசாக் கணக்குக்கு இறங்கியது. லாரி ஓட்டுநரின் சட்டைப் பையில் செல்பேசி வந்தது போட்டியினால்தான்.

பிறகு போட்டி எல்லை மீறியது. 2008-இல் வழங்கிய 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் விலைப் போர் மூண்டது. ஏர்செல் விழுந்தது. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. இன்று மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அரசின் பி.எஸ்.என்.எல்-உம் எஞ்சியுள்ளன. இணைப்பின் விளைவும் தெரிந்தது. 2019 டிசம்பரில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. 2024 ஜூலையிலும் அப்படியே.

ஆக, ஒன்று என்பதும் தவறு, பத்து என்பதும் தவறு. கணக்கு இணையச் சொல்கிறது. அனுபவம் பிரியச் சொல்கிறது. இரண்டையும் ஓரளவு சமாதானப்படுத்த வழி உண்டு. கோபுரங்களைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். அலைவரிசையையும் பகிர்ந்துகொள்ள 2015-இல் அரசு விதிமுறை வகுத்தது. பாதை பொதுவாகவும், அதில் ஓடும் வண்டிகள் போட்டியாகவும் இருப்பது போன்றது இது.

ஆனால் ஏர்செல் கற்பித்த பாடம் வேறு. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் நமக்கு இருந்தது. அதற்கு 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு குறியீடு பெற வேண்டும். எந்த நிறுவனத்தின் வழியாக? நாம் விட்டுவிட நினைக்கும் அதே நிறுவனத்தின் வழியாக! சைகையே இல்லாதபோது குறியீடு எப்படி வரும்? மக்கள் கடைகளின் முன் கூடி நின்றது இதற்காகத்தான். ட்ராய் தலையிட்டு அவகாசம் வாங்கித் தர நேர்ந்தது.

வீடு தீப்பற்றினால் வெளியேறும் கதவின் சாவி அந்த நெருப்புக்குள்ளேயே இருக்கலாமா? எத்தனை நிறுவனங்கள் இருக்க வேண்டும் என்று எண்ணுவதைவிட, ஒன்று விழும்போது சந்தாதாரர் தம் எண்ணோடு தடையின்றி வெளியேற முடியுமா என்று கேட்பதே ஆணையத்தின் முதற் கடமை. அடுத்த முறை கட்டணம் ஏறும்போதோ, இரண்டு நிறுவனங்கள் இணையும்போதோ, நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.