மொயில்வ்ரே என்னும் கடலோரச் சிற்றூர்

பிரித்தானிய வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் இலண்டன் மாநகரிலே தொடங்கி, அங்கேயே முடித்துவிடுகின்றனர். இன்று நாம் வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலே, ஆங்கிள்சித் தீவின் கீழைக்கரையில் அமைந்துள்ள மொயில்வ்ரே என்னும் சிற்றூரை நோக்குவோம். மொட்டைக் குன்று என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலம் மட்டுமே கற்றோர் நாவில் இப்பெயர் படாத பாடு படும்.

ஊர் சிறிதெனினும் அவ்விடம் பழையது. அயலிலுள்ள லிகுவியிலே கற்காலத்து ஈமக்கல்லறை ஒன்றுண்டு. ஏறத்தாழ 25 தொன் நிறையுள்ள ஒற்றைக் கல்லே அதன் கூரை. உரோமர் ஆட்சியின் இறுதிக் காலத்துக் கல்வீடுகளின் அடித்தளங்களும் அதற்கு அணித்தே உள. பிற்காலத்து மக்கள் ஹெறிங் மீன் பிடித்தும், சரக்குக் கப்பல்களிலே தொழில் செய்தும் வாழ்ந்தனர். அவர்கள் பேசியது வேல்ஸ் மொழி.

இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது ஒரு பெருந்துயர். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் துறையிலிருந்து லிவர்ப்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது 'றோயல் சாட்டர்' என்னும் இரும்புக் கப்பல். பொன் வயல்களிலே பொருளீட்டி மீண்டோர் பலர் அதிலிருந்தனர். சரக்காக ஏற்றிய பொன்னே 322,000 பவுணுக்கு மேற்பட்டது. பயணிகள் இடுப்பிற் கட்டியிருந்தது வேறு. 1859 ஒக்டோபர் 25 ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. பாய்மரங்களை வெட்டி வீழ்த்தியும் பயனின்றி, மறுநாள் விடியுமுன் கப்பல் மொயில்வ்ரேக்கு அருகே கரைதட்டியது. பின்பு வற்றுயர்ந்தபோது பாறைகளில் மோதி இரண்டாகப் பிளந்தது.

அக்கப்பலில் மால்ட்டாத் தீவினனான மாலுமி ஒருவன் இருந்தான். ஆங்கிலேயர் அவனை யோசப் றொட்ஜர்ஸ் என்றழைத்தனர். அவன் கயிற்றை உடலிற் கட்டிக்கொண்டு கொந்தளிக்கும் நீரிற் குதித்துக் கரைசேர்ந்தான். கரையில் நின்ற ஊரவர் கைகோத்துச் சங்கிலிபோல் அலைக்குள் இறங்கி, வந்தோரை இழுத்தெடுத்தனர். அவ்வூரார் 28 பேர் அன்று உதவினர் என்று நினைவுகூரப்படுகின்றது. கரைக்கும் கப்பலுக்கும் இடைத்தூரம் சிறிதே. ஆயினும் தப்பியோர் நாற்பது பேரளவினரே. இறந்தோர் 450 பேர் வரையிலாவர். பெண்டிருள்ளும் குழந்தைகளுள்ளும் ஒருவரேனும் பிழைக்கவில்லை. இடுப்பிற் கட்டிய பொன்னின் பாரமே பலரை ஆழத்துக்கு இழுத்தது என்பர்.

இதன் பின்னர் நிகழ்ந்ததே ஊராரை வருத்தியது. கரையொதுங்கிய பொன்னைக் கவர்ந்து செல்வராயினர் என்ற பழி அவர்கள்மீது எழுந்தது. ஏழை மக்கள் வாழுமிடத்திற் பொன் சிதறினால் எவர் கையும் அதனைத் தீண்டவில்லை என்று சாதிப்பது வரலாற்றாசிரியன் வேலையன்று. எனினும் சரக்குப் பொன்னின் பெரும்பகுதி மீட்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து அலைக்குள் இறங்கியவரையும் கொள்ளையர் என்னும் ஒரே சொல்லால் அடக்கியது நேர்மையாகாது.

அக்காலத்திலே லனல்கோத் திருச்சபையின் குருவாயிருந்தவர் ஸ்ரீவன் றூஸ் ஹியூஸ். கோயிலுக்குள்ளே சடலங்களைக் கிடத்தி, ஆடையாலும் அடையாளங்களாலும் இன்னாரென அறிய முயன்றார். உற்றாருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைத் தம் கையால் எழுதினார். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் அவ்வாண்டு முடிவிலே அங்கு சென்று, குருவின் தொண்டைக் கண்டு வியந்து எழுதினார். குருவோ நெடுநாள் வாழவில்லை. 1862 இல் மறைந்தார். இப்புயலிலே வேறு பல கப்பல்களும் அழிந்தன. அதன் விளைவாகவே கடற்படை அதிகாரி விற்ஸ்றோய் 1861 இல் புயலெச்சரிக்கை முறையைத் தொடக்கினார்.

மொயில்வ்ரேயில் உயிர்காப்புப் படகு 1848 முதல் இருந்தது. ஓட்டுவோர் ஊதியம் பெறாத ஊரவர். 1927 இலே 'எக்செல்' என்னுங் கப்பலிலிருந்து மூவரை மீட்டபோது, படகினர் இருவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெற்ற ஒருவர் வில்லியம் றொபேட்ஸ். அப்பயணத்தில் உயிர் நீத்த படகினரும் வில்லியம் றொபேட்ஸ். குடும்பப் பெயர்கள் சிலவே வழங்கும் வேல்ஸ் நாட்டில் இது புதுமையன்று.

'றோயல் சாட்டர்' உடைந்து நூறாண்டும் ஒரு நாளும் கழிந்தபின், 1959 ஒக்டோபர் 27 இல், அதே கடலில் 'ஹிண்ட்லி' என்னுஞ் சிறு கப்பல் அல்லலுற்றது. மணிக்கு 104 மைல் வேகத்திலே காற்று வீசிற்று. வழமையான படகு அன்றில்லை. பதிலுக்கு வந்த படகில், ஆட்குறைவோடு, தண்டயல் றிச்சட் எவன்ஸ் ஐவராய்ப் புறப்பட்டார். அவர்களுள் ஒருவர் அதற்குமுன் உயிர்காப்புப் படகில் ஏறியதே இல்லை. மீண்டும் மீண்டும் அணுகி, எண்மரையும் ஒவ்வொருவராய் ஏற்றினர். சற்றைக்குள் கப்பல் பாறையில் மோதிச் சிதைந்தது. எவன்ஸ் பொற்பதக்கம் பெற்றார். 1966 திசம்பரிலே கிரேக்கக் கப்பல் ஒன்றுக்குத் துணைசென்று, இரண்டாவது பொற்பதக்கமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 2001 இல் அவர் காலமானார். 2004 இல் திறந்துவைக்கப்பட்ட அவரது வெண்கலச் சிலை அக்கடற்கரையிலே நிற்கின்றது.