எழுத்தறியாதவனின் கண்கட்டு

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கென்று ஓர் அறிவிப்பை ஒட்டவேண்டுமானால் அதில் என்ன எழுதுவது? இது விளையாட்டுக் கேள்விபோல் தோன்றலாம். ஆயினும் 1920-ஆம் ஆண்டளவில் சோவியத் ருஷ்யாவின் ஓவியர்கள் இக்கேள்விக்கு மெய்யாகவே விடைகாண வேண்டியவராயிருந்தனர். "படிக்கக் கற்றுக்கொள்" என்னும் கட்டளையைப் படிக்க இயலாத மக்களின் கண்முன் அவர்கள் வைக்கவேண்டியிருந்தது. அவர்கள் கண்ட விடையையும், அதன் பின்விளைவையும், திருச்சபை வரலாற்றைக் கற்போர் என்ற முறையில் நாம் சற்றே ஆராய்வது பயனுடையதாகும்.

அவ்வாண்டில் பெத்ரோகிராதில் வெளியான சுவரொட்டி ஒன்று இன்றளவும் பெயர்பெற்றது. வரைந்தவர் அலெக்சேய் ரதக்கோவ். புரட்சிக்கு முன்னர் 'சத்திரிக்கோன்' என்னும் நையாண்டி இதழில் கேலிச்சித்திரம் தீட்டியவர். மரப்பட்டையால் பின்னிய காலணி அணிந்த ஒரு குடியானவன் இரு கைகளையும் முன்னே நீட்டித் தடவிக்கொண்டு, செங்குத்தான பாறையின் விளிம்பிலிருந்து வெறுவெளியில் காலெடுத்து வைக்கிறான். எழுத்தறியாதவன் குருடனுக்கு ஒப்பானவன், எங்கும் அவனுக்குத் தோல்வியும் கேடுமே என்பது கீழே உள்ள வாசகத்தின் பொருள். வாசகத்தைப் படிக்க இயலாதவனுக்கும் அந்தப் பாறை விளங்கும்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. வாசகம் அவனைக் குருடன் என்கிறது. ஓவியமோ அவன் கண்களைத் துணியால் கட்டியிருக்கிறது. கண்ணில்லாதவன் வேறு, கண்கட்டப்பட்டவன் வேறு. கட்டை அவிழ்த்துவிடலாம். ஆனால் கட்டியவன் யார்? சுவரொட்டி அதைச் சொல்லவில்லை. அக்காலத்தில் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஜார் அரசும் அதனோடு கைகோத்து நின்ற திருச்சபையுமே என்று பார்த்தவர் ஊகித்துக்கொள்வர். அப்படியிருந்தும், குருடன் பள்ளத்தில் விழும் அப்படிமம் நம் ஆண்டவர் உரைத்த உவமையிலேயே உள்ளது (மத். 15:14). திருச்சபையைச் சாடுவதற்கும் திருச்சபை ஊட்டிய மொழியே வேண்டியதாயிற்று.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. ருஷ்யக் குடியானவன் வீட்டில் இருவகைப் படங்கள் இருந்தன. ஒன்று, மூலையில் விளக்கேற்றி வைத்த ஐக்கான் என்னும் திருவுருவப்படம். மற்றொன்று, ஊரூராய்ச் சுற்றிய வணிகர் சில காசுக்கு விற்ற 'லுபோக்' என்னும் அச்சுப்படம். புனிதர் வரலாறும் வேடிக்கைக் கதையும் லுபோக்கில் ஒருங்கே இடம்பெற்றன. புரட்சி ஓவியர் இவ்விரண்டிலிருந்தும் தாராளமாகக் கடன் வாங்கினர். ஐக்கான் இருந்த மூலைக்கு ருஷ்ய மொழியில் வழங்கிய 'சிவப்பு மூலை' என்னும் பெயரே, கிராமப் படிப்பகங்களில் லெனின் படமும் செய்தித்தாளும் வைத்த இடத்திற்கும் பெயராயிற்று.

படத்தின்வழி எழுத்தறியாதவருக்குப் போதிப்பது திருச்சபைக்கும் பழைய வழக்கமே. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில், ஆலயப் படங்களை உடைத்த மர்சேல் நகரப் பேராயர் செரேனுஸ் என்பவருக்கு மகா கிரெகோரி கடிதம் எழுதினார். படிக்கத் தெரிந்தவருக்கு மறைநூல் எதுவோ, தெரியாதவருக்குப் படம் அது என்பதே அவர் வாதம். சீர்திருத்தத் தந்தையரும் இக்கருவியைக் கைவிடவில்லை. 1521-இல் லூக்காஸ் கிரானாக் கிறிஸ்துவையும் போப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தி வெட்டிய மரச்செதுக்குப் படங்கள் நயமான இறையியல் என்று சொல்வதற்கில்லை; அவை பிரசாரமே. எனவே பிரசாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் உரிமை நமக்கு முழுமையாக இல்லை.

1919 டிசம்பர் 26-இல் லெனின் கையொப்பமிட்ட ஆணையே இவ்வியக்கத்தின் அடிப்படை. எட்டு முதல் ஐம்பது வயதுவரை எழுத்தறியாதோர் அனைவரும் ருஷ்ய மொழியிலோ தம் தாய்மொழியிலோ, தாம் விரும்பியபடி, படிக்கக் கற்றாகவேண்டும் என்று அது விதித்தது. கற்கும் தொழிலாளருக்குக் கூலிக்குறைவின்றி இரண்டு மணிநேர வேலைக்குறைப்பு அளித்தது. கடமையைத் தட்டிக்கழிப்போரும் பிறரைத் தடுப்போரும் குற்றவாளிகளாவர். பாடம் நடத்தப் பயன்படுத்தத்தக்க இடங்களின் வரிசையில் மன்றங்கள், தொழிற்சாலைகள், தனியார் வீடுகளோடு தேவாலயங்களையும் அவ்வாணை குறிப்பிட்டது என்பதை நம் வாசகர் அறியவேண்டும். இவையனைத்தும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் காகிதத் தட்டுப்பாடும் நிலவிய நாட்களில் நடந்தேறின. அந்த உறுதியை மெச்சாமலிருக்க நம்மால் இயலவில்லை.

சுவரொட்டிகளுள் நம்மை மிகவும் தொடுவது எலிசவேத்தா க்ருக்லிக்கோவா 1923-இல் செய்தது. நிழலுருவப் படக்கலையில் தேர்ந்தவர் அவர். தாயும் புத்தகத்தோடு மகளும் கறுப்பு நிழலுருவாய்த் தோன்றுகின்றனர். அம்மா, உனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே என்று மகள் ஏங்குகிறாள். இங்கே பாறையும் இல்லை, பகைவனும் இல்லை. ஒரு வீட்டின் மாலைப்பொழுது மட்டுமே. மறுவருடம் ரோத்செங்கோ, அரசு நூல் வெளியீட்டகத்தின் லெனின்கிராத் கிளைக்குச் செய்த விளம்பரத்தில், லீல்யா பிரிக் என்னும் பெண்மணி வாயருகே கைவைத்துக் கூவ, புத்தகங்கள் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒலிபெருக்கியின் வடிவில் விரிந்து செல்கிறது. கலை வல்லார் பெரிதும் போற்றுவது இதனையே. நமக்கோ அந்த மகளின் குரலே அதிகம் கேட்கிறது.

எல்லாத் துறைகளிலும் புத்தகங்கள் என்று அவ்விளம்பரம் உரைத்தது. எல்லாத் துறைகளிலுமா? எழுத்தறியாதவன் அரசியலுக்கு வெளியே நிற்கிறான் என்று 1921-இல் லெனின் கூறியிருந்தார். அவனை உள்ளே கொணர்வதே எழுத்தின் பயன். ஆகவே உள்ளே வந்தவன் எதைப் படிக்கவேண்டும் என்பதையும் அழைத்தவரே தீர்மானித்தனர். 1920-களின் நடுவில் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் பாப்டிஸ்துகளும் சிறிய அளவில் வேதாகமம் அச்சிட இசைவு பெற்றனர். 1929 ஏப்ரல் 8-இல் வந்த சட்டமோ, சமயச் சங்கங்கள் வேதபாடக் கூட்டம் நடத்துவதையும், நூலகமோ படிப்பகமோ திறப்பதையும் தடைசெய்தது. ஆலயத்துள் வழிபாட்டிற்கு வேண்டிய நூல்களன்றி வேறு நூல் இருத்தலாகாது. அதன்பின் 1956 வரை அந்நாட்டில் முழு வேதாகமம் அச்சாகவில்லை. மத்திய ஆசிய இஸ்லாமியருக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. உஸ்பெக் மொழியின் அரபு வரிவடிவம் 1920-களின் இறுதியில் இலத்தீனாகவும், 1940-ஐ ஒட்டி ருஷ்ய வரிவடிவமாகவும் மாற்றப்பட்டது. எழுத்தறிவு பெற்ற பேரன் பாட்டன் விட்டுச்சென்ற நூலுக்கு முன் எழுத்தறியாதவனானான்.

இதைக் கண்டிக்குமுன் நாம் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பள்ளி நடத்தியதும் அச்சுக்கூடம் அமைத்ததும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை நிறைவாக வெளியிட்டதும், மக்கள் எதையாவது படிக்கட்டும் என்றல்ல. நாமும் ஆயர்பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமத்தில் இரவுப்பள்ளி நடத்தினோம். யோவான் சுவிசேஷத்தை வாசிக்கச் செய்வதே எம் நோக்கம். முதல் வாரத்திலேயே ஒரு மூதாட்டி எழுந்து, "ஐயர்வாள், பஸ்ஸிலே எழுதியிருக்கிற ஊர்ப்பேரை முதலில் சொல்லிக்கொடுங்கள், ஒருவரையும் கேட்காமல் ஏறவேண்டும்" என்றார். அன்று எமக்கு அது சற்று வருத்தமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அம்மையாரின் விருப்பப்படியே கற்பித்தோம். அவர் சுவிசேஷத்திற்கு வந்து சேர்ந்தாரா என்று கேட்போருக்கு, வந்தார், ஆனால் தாமே வந்தார் என்போம். நம் நோக்கத்திற்கும் ருஷ்ய ஆட்சியாளரின் நோக்கத்திற்கும் வேறுபாடு உண்டெனில், அது நோக்கமுண்மையிலன்று. மாணாக்கர் வேறொன்றைப் படிக்க விரும்பும்போது பூட்டைத் தேடுகிறோமா இல்லையா என்பதிலேயே உண்டு.

ருஷ்யாவின் கணக்கு இதுவே: ஒன்பது முதல் நாற்பத்தொன்பது வயதுவரை உள்ளோரில் எழுத்தறிந்தவர் 1897-இல் 28.4 விழுக்காடு, 1926-இல் 56.6; 1939-இல் 87.4. இவ்வளர்ச்சியில் பெரும்பங்கு சுவரொட்டிக்கன்று, சிறுவர் பள்ளிகளுக்கே உரியது. எனினும் இது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. இடையே 1937 ஜனவரியில் எடுத்த குடிக்கணக்கில், சமய நம்பிக்கை உண்டா என்ற கேள்வியும் சேர்க்கப்பட்டது. பதினாறு வயதிற்கு மேற்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர் உண்டு என்று பதில் எழுதுவித்தனர். அச்சம் நிறைந்த ஆண்டு அது. ஆகையால் இவ்விடையின் எடை பெரிது. கணக்கு வெளியிடப்படவில்லை, அதை நடத்திய அலுவலர் பலர் கைதாயினர். அந்த எண்கள் உலகிற்குத் தெரியவர அரைநூற்றாண்டு சென்றது.

பிற்காலத்தில் பதிவுபெறாத பாப்டிஸ்து சபைகள் 'கிறிஸ்தியானின்' என்னும் பெயரில் மறைவான அச்சகம் ஒன்று நடத்திவருவதை 1971-இல் வெளிப்படையாகவே அறிவித்தன. 1974 அக்டோபரில் லாத்வியாவின் பண்ணைவீடு ஒன்றில் அதன் கிளையைக் காவலர் கண்டுபிடித்தனர். உள்ளே காகிதக் கட்டுகளும், தாமே வடிவமைத்த அச்சுப்பொறியும், சுவிசேஷப் பிரதிகளும் இருந்தன. அங்கே எழுத்துக் கோத்தும் தாள் மடித்தும் பணிசெய்து சிறைசென்றவர்கள், ரதக்கோவின் குடியானவனுடைய பேரன் பேத்திமார் வயதினர்; அரசு கட்டிய பள்ளிகளில், அரசு கொடுத்த அரிச்சுவடியில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள்.