ஒரு லீற்றர் பெற்றோலும் முந்நூறு கிராம் அரிசியும்

1996 செப்ரெம்பர் 6ஆம் திகதி, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரத்து உள்ளரங்க ஓடுபாதையில் கிறிஸ் போட்மன் என்ற சைக்கிள் வீரர் ஒரு மணித்தியாலத்தில் 56.375 கிலோமீற்றர் ஓடினார். உலக சாதனை. ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, உடம்பைக் கத்தி மாதிரி ஒடுக்கி அவர் ஓடின படம் இண்டைக்கும் இணையத்தில கிடக்கு. அந்த ஒரு மணித்தியாலமும் அவருடைய கால்கள் சராசரியாக 440 உவாற்று அளவு சக்தியைக் கொடுத்திருக்க வேணும் என்று பிறகு ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

அதே மாதம் எங்கட பக்கமும் சைக்கிள்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜூலை கடைசியில் தொடங்கின 'சத்ஜய' இராணுவ நடவடிக்கை, செப்ரெம்பர் கடைசியில் கிளிநொச்சி நகரத்தைப் பிடிக்கும் வரைக்கும் போனது. அந்த ரெண்டு மாதத்துக்குள்ள உருத்திரபுரமும் சுற்றியிருந்த ஊர்களும் காலியாகின. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று தெற்கால போனது. உழவு இயந்திரம் வைச்சிருந்தவை பெட்டியில ஏத்திக்கொண்டு போச்சினம். மற்ற ஆக்களுக்குச் சைக்கிள். கரியரில நெல் மூட்டை, பாரில பிள்ளை, ஹாண்டிலில சட்டி பானை.

அந்தச் சைக்கிள்களின்ர சக்தியை எந்த ஆய்வாளரும் கணிக்கேல்லை. சரி, நாங்களே கணிச்சுப் பாப்பம் எண்டுதான் இந்தக் கட்டுரை. நான் கலைப்பீட மாணவன், வரலாறு படிக்கிறன். ஆனா ஓ.எல் விஞ்ஞானத்தில படிச்ச விசையும் சக்தியும் இதுக்குப் போதும்.

முதல்ல, சைக்கிள் ஓட்டத்தின்ர விஞ்ஞானம் எப்பிடி வந்தது எண்டு பாக்கவேணும். அது விளையாட்டுக்காகத் தொடங்கின ஒண்டு இல்லை. மனுச உடம்பு ஒரு இயந்திரமா, இயந்திரமெண்டா எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. அதை அளக்க ஆளை ஒரு இடத்திலேயே வைச்சு வேலை வாங்கவேணும், செய்த வேலையைத் துல்லியமாக அளக்கவும் வேணும். நிலையாய்ப் பூட்டின சைக்கிளைவிட அதுக்கு வசதியான சாமான் கிடைக்கேல்லை. 1913இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆய்வுகூடத்தில் பெனடிக்ட், கத்காட் என்ற ரெண்டு பேர் ஒரு தொழில்முறை சைக்கிள் ஓட்டக்காரரை அப்படி உழக்கவிட்டு, அவர் உள்ளெடுத்த ஒட்சிசனையும் வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். அந்தக் காலத்தில டென்மார்க்கில் ஓகஸ்ட் குரோவும் மின்காந்தத்தால் தடைபோடுகிற ஒரு ஆய்வுச் சைக்கிளைச் செய்தார்.

இந்த வழியில வந்த எல்லா அளவீடும் சொல்லுறது ஏறத்தாழ ஒண்டுதான். சாப்பாட்டில இருந்து வாற சக்தியில் 20 முதல் 25 வீதம்தான் பெடலுக்குப் போகும், மிச்சம் வெப்பமாய்ப் போயிடும். சாதனை வீரருக்கும் விறகு கட்டுற ஆளுக்கும் இதில பெரிய வித்தியாசம் கிடையாது. வீரரால ஒரு நிமிசத்தில கனக்க எரிக்க முடியும், அவ்வளவுதான். எரிக்கிறதில எவ்வளவு வேலையாய் மாறும் என்பது ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பங்கு. இந்த விசயத்தை மறந்திடாதேங்கோ, கீழ தேவைப்படும்.

அடுத்த கேள்வி: எரியிறது என்ன? 1920இல் குரோவும் லின்ட்ஹார்ட்டும், கொழுப்பை எரிக்கேக்குள்ள அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 11 வீதம் கூடச் சக்தி செலவாகுது எண்டு காட்டினார்கள். மாப்பொருள்தான் தசைக்குச் சிக்கனமான எரிபொருள், அதாவது எங்கட சோறு. 1966இல் சுவீடனில் ஒரு வேடிக்கையான பரிசோதனை நடந்தது. பேர்க்ஸ்ட்ரொம், ஹல்ற்மன் என்ற ரெண்டு வைத்தியர்கள் ஒரே ஆய்வுச் சைக்கிளின் ரெண்டு பக்கத்திலயும் இருந்து ஆளுக்கு ஒரு காலால உழக்கினார்கள். (டபிள்ஸ் போகேக்குள்ள பின்னால இருக்கிற ஆளும் சேர்ந்து உழக்கிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய புதினமில்லை.) பிறகு ஊசியால ரெண்டு தொடையிலிருந்தும் தசையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால், உழக்கின காலில கிளைக்கோஜன் தீர்ந்திருந்தது, சும்மா இருந்த காலில அப்படியே இருந்தது. மூண்டு நாள் மாப்பொருள் சாப்பாடு சாப்பிட்ட பிறகு, உழக்கின கால் முந்தி இருந்ததைவிடக் கூடச் சேமிச்சு வைச்சிருந்தது.

அடுத்த வருடம் அதே ஆய்வாளர்கள் இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து இதை நேரத்தால அளந்தார்கள். ஒரே கடினத்தில, களைச்சு நிப்பாட்டும் வரைக்கும் உழக்கவேணும். சாதாரணக் கலவைச் சாப்பாட்டோட சராசரி 114 நிமிசம். மாப்பொருளைக் குறைச்சபோது 57 நிமிசம். நிறையக் குடுத்தபோது 167 நிமிசம். ஆளும் காலும் சைக்கிளும் மாறேல்லை. தட்டில இருந்ததுதான் மாறினது. இண்டைக்குப் பெரிய சைக்கிள் அணிகள் ஒவ்வொரு வீரருக்கும் சோற்றைத் தராசில நிறுத்துப் போடுறதுக்கு அடிப்படை இதுதான்.

இனி வன்னிக்கு வருவம். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கின பிறகு வடக்குக்கு வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் இருந்தது, பற்றரி இருந்தது, யூரியா பசளையும் இருந்தது. மோட்டார்சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். அதுகூட வசதியிருந்தவைக்குத்தான். மற்றப்படி விறகு, மீன், தேங்காய், நெல், ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி எல்லாம் சைக்கிளில. யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலால பூநகரிப் பக்கம் வந்த ஆக்கள் வள்ளத்தில சைக்கிளையும் ஏத்திக்கொண்டு வந்தது, இறங்கினால் வேற வாகனம் இல்லையெண்டுதான்.

இப்ப கணக்கு. ஒரு ஆள் 55 கிலோ, றலியோ லுமாலாவோ 20 கிலோ, விறகு 80 கிலோ. மொத்தம் 155. நல்லாய் இறுகின கிரவல் றோட்டு, மணித்தியாலத்துக்கு 10 கிலோமீற்றர் வேகம். உருளுற தடையையும் காற்றையும் கூட்டினால் 26 நியூட்டன் அளவு விசை வரும், சக்தி 72 உவாற்று. 25 கிலோமீற்றர் தூரக் காட்டுக்கு வெறும் கரியரோட போய், சுமையோட திரும்பினா, மேல சொன்ன அந்த ஐந்தில ஒரு பங்குக் கணக்கின்படி உடம்பு எரிக்கிறது ஏறத்தாழ 1150 கிலோ கலோரி. சமைக்காத அரிசியில சொன்னால் 330 கிராம்.

அதே 50 கிலோமீற்றருக்கு மோட்டார்சைக்கிள் ஒரு லீற்றர் பெற்றோல் குடிக்கும். அதுக்குள்ள 8000 கிலோ கலோரி இருக்கு. அப்ப சைக்கிள் ஏழு மடங்கு சிக்கனம். 1973இல் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் எஸ்.எஸ். வில்சன் எழுதின பிரபலமான கட்டுரை சொன்னதும் இதைத்தான்: ஒரு கிலோமீற்றருக்கு ஒரு கிராம் நிறையைக் கொண்டுபோகச் செலவாகிற சக்தியில, விலங்குகளையும் இயந்திரங்களையும் சைக்கிளில போற மனுசன் முந்துறான். சுற்றாடல் ஆர்வலர்கள் இதை இப்பவும் சந்தோசமாகச் சொல்லுவினம்.

ஆனா தடைக்குள்ள இருந்த ஊரில இந்தக் கணக்குக்கு வேற அர்த்தம். உள்ளுக்கு வராத ஒவ்வொரு லீற்றர் பெற்றோலுக்கும் பதிலாய் ஆரோ ஒராளின்ர தட்டில 330 கிராம் அரிசி கூட இருந்திருக்கவேணும். இல்லாட்டி உடம்பிலயிருந்து போயிருக்கவேணும். இயற்கையின் சட்டத்தில மூண்டாவது வழி இல்லை. உருத்திரபுரம் வயல் ஊர். போன நூற்றாண்டின் நடுப்பகுதியில காடு வெட்டிக் குடியேறி, இரணைமடுத் தண்ணியில நெல் விளைஞ்ச இடம். சைக்கிளுக்கான எரிபொருள் எங்கட காணியிலேயே விளைஞ்சது. யூரியா வராததால அந்த விளைச்சல் முதல்ல அடி வாங்கினது. 1996இல் சனம் காணியையே விட்டிட்டு வெளிக்கிட்டது. சைக்கிள் கூட வந்தது, வயல் வரேல்லை.

பெடலில கால் குடுக்கிற அழுத்தத்தையும் ஒருக்கா பாக்கவேணும். போட்மனின் 440 உவாற்றுக்குப் பக்கத்தில 72 உவாற்று சின்னனாய்த் தெரியும். ஆனா அவர் நிமிசத்துக்கு நூறு சுற்றுக்கு மேல உழக்கினார். சுமைச் சைக்கிளில 10 கிலோமீற்றர் வேகத்தில 30 சுற்றுத்தான் வரும், கியர் மாத்தவும் வழியில்லை. மெதுவாய்ச் சுத்தினா ஒவ்வொரு சுற்றிலயும் கூட மிதிக்கவேணும். கணிச்சுப் பாத்தால், சக்தியில ஆறு மடங்கு வித்தியாசம் இருந்தும் அழுத்தத்தில ரெண்டு மடங்குகூட இல்லை. அதே சுமையோட றோட்டை விட்டு மணல் பாதையில இறங்கினா உருளுற தடை ரெண்டு மடங்காகும். அந்த நேரம் விறகுக்காரரின்ர பெடல் அழுத்தம் உலக சாதனைக்காரரின்ரையைத் தொட்டுவிடும், கொஞ்சம் தாண்டவும் செய்யும். அதனாலதான் மணலில இறங்கித் தள்ளுறது. தள்ளுறதைப் பலவீனம் எண்டு நினைக்காதேங்கோ, அது சரியான முடிவு.

காற்றும் அப்பிடித்தான். வெறும் சைக்கிளில 15 கிலோமீற்றர் வேகத்தில போகேக்குள்ள அதே 15 வேகத்தில எதிர்க்காற்று அடிச்சால், காற்றின்ர தடைவிசை நாலு மடங்காகும், ஏனெண்டால் அது வேகத்தின் வர்க்கத்தோட கூடுறது. உருத்திரபுரத்திலயிருந்து அக்கராயன் பக்கம் தெற்கால திரும்பினா சோளகக் காலத்தில முகத்துக்கு நேரதான் அடிக்கும். 'சத்ஜய' நடந்த யூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் சோளகக் காலம். ஐரோப்பிய வீரர்கள் காற்றுச்சுரங்கத்தில படிச்ச 'குனிஞ்சு ஓடு' என்ற பாடம் எங்கட ஆக்களுக்கும் தெரியும். ஆனா பாரில பிள்ளையை வைச்சுக்கொண்டு எப்படிக் குனியிறது?

வெக்கை இன்னொண்டு. 72 உவாற்று பெடலுக்குப் போனால் 250 உவாற்றுக்கு மேல உடம்புக்குள்ள வெப்பமாய் நிக்கும். வேகமாய்ப் போறவருக்குக் காற்றுப் பட்டுக் குளிரும், 10 கிலோமீற்றர் வேகத்தில அந்த உதவியும் பெரிசாய் இல்லை. விறகுக்குப் போறவை விடியமுதல் வெளிக்கிட்டதை 'பழைய ஆக்களின்ர ஒழுக்கம்' எண்டு சொல்லக் கேட்டிருக்கிறன். எனக்கு அது வெப்ப முகாமைத்துவம் மாதிரித்தான் தெரியுது.

இதைக் கதைச்சா ஊரில வாற பதில் பெரும்பாலும் ஒண்டுதான்: "அந்தக் காலத்து ஆக்கள் உரம், நீங்கள் மோட்டார்சைக்கிள் பொடியள்." அந்த ஆக்களை நான் மதிக்கிறன், ஆனா இந்தப் பேச்சை ஏற்க ஏலாது. பயிற்சி எண்டு விஞ்ஞானம் சொல்லுறது உடம்புக்குச் சுமை குடுக்கிறதை மட்டும் இல்லை. சுமைக்குப் பிறகு வாற ஓய்விலயும் சாப்பாட்டிலயும்தான் இதயமும் தசையும் தங்களைப் பெருப்பிச்சுக்கொள்ளும். 'ரூர் டி பிரான்ஸ்' ஓடுற வீரர்களை 1980களில் அளந்தபோது நாளுக்கு 6000 கிலோ கலோரி அளவு செலவழிச்சினம், அதுக்குக் கிட்டச் சாப்பிட்டும் இருந்தினம். போட்மனுக்குப் பின்னால ஒரு பயிற்றுநரும் ஆய்வுகூடமும் நாள்காட்டியும் இருந்தது. எந்த நாள் சும்மா இருக்கவேணும் எண்டதும் அதில எழுதியிருக்கும். நிவாரண அரிசிக்கு வரிசையில நிண்டு, அடுத்தநாள் திரும்பவும் 50 கிலோமீற்றர் உழக்கின ஆளுக்கு நடந்தது பயிற்சியில்லை, தேய்மானம். சிலர் உரமாய் வந்திருக்கலாம். உரமாய் வராதவை இண்டைக்கு இருந்து கதை சொல்லுறதில்லை.

அந்த 330 கிராம் எங்கயிருந்து வந்தது என்பதும் கேக்கவேண்டிய கேள்வி. 'உழைக்கிற ஆளுக்கு முதல்ல போடு' என்பது எங்கட குசினிகளின்ர சட்டம். உழக்கினவர் தட்டில ஒரு அகப்பை கூடினால் சட்டியில ஒரு அகப்பை குறையும், கடைசியாய்ச் சாப்பிடுறது அம்மா. சைக்கிளில போகாத அந்த ஆளும் இந்தக் கணக்கில எரிபொருள்தான்.

டைனமோவைச் சொல்லாட்டி குறை. பற்றரி தடையாயிருந்த காலத்தில சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டது வடக்கு முழுக்க நடந்தது. 6 வோல்ற், 3 உவாற்று டைனமோ. உராய்வையும் சேர்த்தால் சுத்துற ஆளுக்கு 10 உவாற்று. அரை மணித்தியாலத் தமிழோசைக்கு 20 கிலோ கலோரி, ஆறு கிராம் அரிசி. அந்தக் காலத்தில எல்லாத்திலும் மலிவாய்க் கிடைச்சது செய்திதான் போல.

2022 யூன் கடைசியில் அரசாங்கம் அத்தியாவசிய சேவை தவிர மற்ற வாகனங்களுக்கு எரிபொருள் விற்கிறதை நிப்பாட்டினபோது, நாடு முழுக்கச் சைக்கிளுக்கு விலை ஏறினது. கொழும்பில ஆக்கள் சைக்கிள் ஓடினதைப் பத்திரிகைகள் படத்தோட போட்டது. எங்கட பக்கத்துச் சைக்கிள் காலத்துக்கு அப்படியொரு ஆவணம் இருக்கோ எண்டு தேடினா, இடப்பெயர்வுப் படங்களில பின்னணியாய்த்தான் சைக்கிள் கிடக்குது. ஓடின ஆக்கள் இப்ப அறுபது, எழுபது வயதில இருக்கினம். அவையிட்ட 'கஷ்டப்பட்டனீங்களா' எண்டு கேட்டால் 'ஓம்' எண்டு முடிஞ்சிடும். கரியரில எத்தனை கிலோ கட்டினனீங்கள், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள், எந்த இடத்தில இறங்கித் தள்ளினனீங்கள், வெளிக்கிடமுதல் என்ன சாப்பிட்டனீங்கள், அண்டைக்கு வீட்டில ஆர் சாப்பிடேல்லை எண்டு கேட்டுப் பாருங்கோ. கையில ஒரு கொப்பியும் இருக்கட்டும்.