லாரன்ஸ், சகோதரர் (சு. 1614–1691)

லொரேன் நாட்டில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. இயற்பெயர் நிக்கோலா எர்மான். போர்வீரராக இருந்து காயமுற்றவர், பின்னர் பாரிஸ் நகரின் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து, சமையற்கட்டில் நெடுங்காலம் உழைத்தார். ஜெபத்துக்கென ஒதுக்கிய வேளையும் அடுப்படி வேளையும் தமக்கு ஒன்றே என்றார். எந்த வேலையிலும் இறைவனோடு ஓரிரு சொற்களில் பேசிக்கொண்டே இருப்பது அவர் முறை. அது எளிதில் வாய்க்கவில்லை. முதல் பத்தாண்டுகள் மிகவும் துன்புற்றதாகக் கடிதத்தில் எழுதியுள்ளார். மனம் சிதறும்போதெல்லாம் தம்மை நொந்துகொள்ளாமல் மறுபடி தொடங்கினார். தனி ஜெபம் விட்டுவிட்டு நடப்பதால் சோர்ந்திருப்பவர்களுக்கு அவர் வாழ்வில் பெரிதும் ஆறுதல் தருவது இப்பகுதியே. அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் ஜோசெப் தெ போஃபோர் என்ற குரு தொகுத்தார்; சீர்திருத்தச் சபையினரும் அவற்றை விரும்பிப் படித்தனர்.