அல்லாமா இப்னுன் நபீஸ் கண்ட இரத்த வழி

மத்ரஸாவில் கிதாபு ஓதியவர்கள் அறிவார்கள்: பக்கத்தின் நடுவே மூலம் இருக்கும்; அதனைச் சூழ்ந்து ஷரஹு என்னும் விரிவுரை; ஓரங்களில் ஹாஷியா என்னும் சிறுகுறிப்புகள். ஓதுகின்ற பருவத்தில் அவை எங்களுக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றியதுண்டு. பிற்கால முஸ்லிம் அறிஞர்கள் புதிதாக எதனையும் ஆராயாமல், விரிவுரைக்கு விரிவுரை எழுதியே காலங்கழித்தனர் என்று மேனாட்டார் சிலர் ஏளனம் செய்தனர். நம்மவருள்ளும் அதனை ஆய்ந்து பாராமல் ஒப்பிப்போர் உண்டு. மருத்துவ வரலாற்றின் மாபெரும் கண்டுபிடிப்புகளுள் ஒன்று ஒரு ஷரஹுக்குள்ளேதான் இருந்தது என்பதை அன்னார் அறிவார்களாயின், அவ்வாறு பேசத் துணியமாட்டார்கள்.

அந்த ஷரஹை எழுதியவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல் குரஷீ. இப்னுன் நபீஸ் என்பது உலகறிந்த பெயர். திமிஷ்கில் தக்வார் என்னும் பேராசானிடம் மருத்துவம் பயின்று, கெய்ரோ சென்று தலைமை மருத்துவராய் உயர்ந்தவர். மருத்துவர் மட்டுமல்லர், நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும் ஆவார். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹு போதித்தார். இமாம் சுப்கீ தமது ஷாபிஈ அறிஞர் வரலாற்றில் இவருக்கும் இடமளித்துள்ளார். சீவிய நாணற் பேனாக்களை அருகில் குவித்து வைத்துக்கொண்டு, சுவரை நோக்கி அமர்ந்து, வெள்ளம்போல் எழுதுவாராம். ஒன்று மழுங்கினால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். சீவுவதற்கும் நேரம் செலவிட மனமில்லை!

இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலில் உடற்கூறு பற்றிய பகுதிகளைத் திரட்டி, அவற்றிற்கு ஒரு ஷரஹு எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதியொன்று ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) ஆண்டுக்குரியது. அப்போது அவருக்கு முப்பது வயதையொட்டியே இருக்கும்.

இருதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம் இடது அறையை எவ்வாறு அடைகிறது? இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், இரு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்றார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே வேதவாக்கு. இப்னு ஸீனாவும் மறுக்கவில்லை. இப்னுன் நபீஸ் மறுத்தார். அச்சுவர் தடித்தது, கெட்டியானது. அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என்றார். இரத்தம் வலது அறையிலிருந்து அல் வரீதுஷ் ஷிர்யானீ என்னும் குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே காற்றுடன் கலக்கிறது. பின்னர் அஷ் ஷிர்யானுல் வரீதீ வழியே இடது அறையை அடைகிறது. இவ்விரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்றும் எழுதினார். அந்த நுண்குழல்களை இத்தாலியர் மல்பீகி உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டு எழுதியது 1661-ல்.

உடலை அறுத்து ஆராய்வதினின்றும் ஷரீஅத்தும் தமது இயல்பான இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று முன்னுரையில் கூறும் அவரே, உள்ளே ஓரிடத்தில் முன்னோர் கூற்றை அறுவைச் சோதனை பொய்யாக்குகிறது என்கிறார். அறிஞர்கள் இதுபற்றி இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும், தாம் மதித்துப் போற்றிய ஆசிரியரின் நூலுக்கு உரை எழுதும்போதே, பிழையான இடத்தில் பிழையெனச் சொன்ன நேர்மையை எவரும் மறுக்கவியலாது.

நம் மேடைகளில் சிலர், ஹார்வே கண்டதையெல்லாம் இவரே கண்டுவிட்டார் என முழங்குகின்றனர். அது மிகை. இரத்தம் உடல் முழுவதும் சுற்றி மீண்டும் இருதயத்துக்கே திரும்புகிறது என்று 1628-ல் நிறுவியவர் ஹார்வே. இப்னுன் நபீஸ் கண்டது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான வழி. அவ்வழியை ஐரோப்பாவில் ஸெர்விடஸ் 1553-லும் கொலம்போ 1559-லும் எழுதினர். இவருடைய நூலொன்றிலிருந்து மருந்துகள் பற்றிய பகுதி 1547-ல் வெனிஸில் லத்தீனில் அச்சாகியிருந்தது. அதைக்கொண்டு அவர்கள் இவரிடமிருந்து திருடினர் என்று சொல்வதற்குச் சான்று போதாது. உள்ள பெருமை போதும், இல்லாததைச் சேர்ப்பானேன்?

நம்மிடமே அந்த ஷரஹு ஏன் மங்கிக் கிடந்தது என்பதே என்னை வருத்தும் கேள்வி. இதே ஆசிரியர் 'மூஜஸ்' என்றொரு சுருக்க நூலும் எழுதினார். இந்தியாவின் யூனானி வைத்தியப் பாடங்களில் அந்த மூஜஸும் அதன் உரைகளும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டன. ஆனால் 'கானூனை'ச் சுருக்கிய அந்த நூலில் உடற்கூற்றுப் பகுதியை அவர் சேர்க்கவில்லை! மாணவர் சுருக்கத்தை ஓதினர். ஹகீம்கள் சுருக்கத்தைக் கொண்டு வைத்தியம் பார்த்தனர். பிற்கால உரையாசிரியர் ஓரிருவர் அக்கருத்தை எடுத்தாண்டபோதிலும், விரிவு நூல் அலமாரியிலேயே உறங்கியது.

ஹிஜ்ரி 687-ல் (கி.பி. 1288) அவர் நோயுற்றபோது, மருந்தாக மது அருந்தும்படி மருத்துவ நண்பர்கள் கூறினர். வயிற்றில் மதுவுடன் அல்லாஹ்வைச் சந்திக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்பர். தமது இல்லத்தையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்பு செய்துவிட்டு வபாத்தானார்.

1924-ல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ, ஜெர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காக ஆய்வு செய்தார். பெர்லின் நூலகத்தின் அரபுச் சுவடிகளுள் அந்த ஷரஹு இருந்தது. ஓதிப் பார்த்தவர் திகைத்தார். அவருடைய ஆய்வேடும் அச்சேறவில்லை; கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹோப் பிரதிகளை ஒப்புநோக்கி, 1930-களில் கட்டுரைகள் எழுதிய பின்னரே உலகம் அறிந்தது.

அந்த ஷரஹின் அரபு மூலம் ஸல்மான் கத்தாயாவின் பதிப்பாகக் கெய்ரோவில் அச்சேறிய ஆண்டு 1988.