பணி விலகும் எண்ணம்

ஒரு ஸ்தாபனத்தில் ஊழியம் புரிபவர், ராஜிநாமாக் கடிதம் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பாகவே, அவ்விடத்தை விட்டு நீங்கி வேறிடம் நாட வேண்டுமென்று தம் மனத்துள் கொள்ளும் சங்கற்பம் பணி விலகும் எண்ணம் எனப்படும். தொழில் உளவியல் இதனை உண்மையான விலகலினின்று பிரித்தே ஆராய்கிறது. ஏனெனில், எண்ணங் கொண்டோர் அனைவரும் விலகிவிடுவதில்லை. குடும்ப பாரமும், கடனும், வேறு உத்தியோகம் அகப்படாமையும் பலரை இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கின்றன. அவ்வாறு மனம் நீங்கியும் உடல் நீங்காமல் உழைப்போரின் துயரம் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனினும், நிகழப்போகும் விலகலை முன்னறிவிக்கும் குறிகளுள் மிக நம்பத்தக்கவற்றில் இவ்வெண்ணமும் ஒன்றாகும்.

இவ்விஷயத்தில் பெரிதும் எடுத்துக் காட்டப்படுவது அமெரிக்காவின் ஹைலண்டு பார்க்கில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையின் சரித்திரம். 1913-ஆம் ஆண்டில் அங்கே நகரும் வரிசையில் மோட்டார் வண்டிகளைப் பூட்டும் முறை புகுத்தப்பட்டபோது, அதுவரை தம் கைத்திறனால் பெருமை கொண்டிருந்தோரும் ஒரே சிறு காரியத்தை நாள் முழுதும் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் செய்ய நேர்ந்தது. அவ்வாண்டில் தொழிலாளர் மாற்ற விகிதம் 370 சதவீதத்தை எட்டியது. ஏறக்குறைய 14,000 பேர் வேலை செய்த ஆலையை நடத்துவதற்கு 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியதாயிற்று. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு, சுமார் 2.34 டாலராயிருந்த நாட்கூலியை 5 டாலர் வரை உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். அவ்விகிதம் 1914-இல் 54 ஆகவும், 1915-இல் 16 ஆகவும் இறங்கிற்று.

இதைக் கொண்டு, சம்பளத்தை உயர்த்தினால் விலகல் தீரும் என்று முடிவு கட்டுவோர் பலர். அது முழு உண்மையன்று. கூலி உயர்வுக்குச் சில மாதங்கள் முன்பே, 1913-இன் இறுதிப் பகுதியில், மேஸ்திரிகள் தம் மனம்போனபடி ஆட்களை வேலைநீக்கம் செய்யும் அதிகாரம் அங்கே குறைக்கப்பட்டது. ஒரே வேலைக்குப் பல வகையாயிருந்த கூலி விகிதங்களும் திறமைக்கேற்ற படிகளாக ஒழுங்கு செய்யப்பட்டன. அடுத்து வந்த வியாபார மந்தமும் வேறு வேலை தேடும் துணிவைக் குறைத்தது. கூலி பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது தனித்து நின்று செய்த காரியமன்று.

பிற்காலத்து ஆய்வாளர்கள் இக்காரணங்களை முறைப்படுத்தினர். ஜேம்ஸ் மார்ச், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவரும் 1958-இல், நீங்க வேண்டுமென்ற விருப்பமும் நீங்குவதற்குரிய வசதியும் கூடியே விலகலை நிர்ணயிக்கின்றன என்றனர். மறு ஆண்டில் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், சம்பளமும் வேலைச் சூழ்நிலையும் குறைந்தால் அதிருப்தி விளையும், ஆனால் அவை நிறைந்தமையால் மட்டும் உற்சாகம் பிறந்துவிடாது என வாதித்தார். ராபர்ட் கானும் அவர் குழுவினரும் 1964-இல், தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது யாதெனத் தெளியாமலும், இரு அதிகாரிகளின் முரண்பட்ட உத்தரவுகளுக்கிடையே சிக்கியும் தவிப்போர் படும் இன்னலை விரித்துரைத்தனர். சேரும்போது அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கும் கண்ட நிலைமைக்கும் உள்ள பேதம், பதவி உயர்வில் பட்சபாதம், மேலதிகாரியின் அவமதிப்பு ஆகியனவும் இவ்வரிசையில் வருவன.

இவை யாவற்றினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது, தம் குறையை எடுத்துச் சொல்லவும், சொன்னதற்குப் பலன் காணவும் ஊழியருக்கு வழியுண்டா என்பதே. அதிருப்தி கொண்டவர் முன் நிற்பவை வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்னும் இரு மார்க்கங்கள் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் விளக்கினார். ரிச்சர்டு ஃப்ரீமன், ஜேம்ஸ் மெடாஃப் இருவரும் 1984-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தோர், கூலி வேற்றுமையைக் கழித்துப் பார்த்த பின்னும், மற்றவரினும் குறைவாகவே வேலையை விடுகின்றனர் என்று காட்டினர். வியப்பு யாதெனில், அவர்களே தம் வேலையைப் பற்றி அதிகமாகக் குறை கூறுவோராயும் இருந்தனர். ஆகவே முறையீடு ஒலிக்கும் தொழிற்சாலை சிதையும் தொழிற்சாலை என்று நிர்வாகிகள் அஞ்சுவது பொருந்தாது. முறையிடுவோர் இன்னும் அவ்விடத்தின்மேல் நம்பிக்கை இழக்காதவர்களே.

பணிச்சுமையின் வலிமையை ஆஸ்பத்திரிகளில் தெளிவாகக் காணலாம். பென்சில்வேனியா மாநிலத்து 168 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 10,184 செவிலியரிடம் விசாரித்து லிண்டா எய்க்கென் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதமும் மிகுதல் கண்டறியப்பட்டது. சோர்வும் அதிருப்தியும் ஒருங்கே உற்றோரில் 43 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் விலக எண்ணியிருந்தனர். இவ்விரண்டும் இல்லாதோரில் அவ்வாறு எண்ணியவர் 11 சதவீதத்தினரே. இவர்கள் சேவை மனப்பான்மை குன்றியவர்களல்லர். நல்ல முறையில் சுசுருஷை செய்ய இயலாதபடி கைகள் கட்டப்பட்டவர்கள்.

இக்குறையைச் சட்டத்தால் தீர்க்க முற்பட்டது கலிஃபோர்னியா. 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2004 முதல் பொது வார்டுகளில் ஒரு செவிலியருக்கு ஆறு நோயாளருக்கு மேல் ஒப்படைத்தல் ஆகாதென விதிக்கப்பட்டது. மறு ஆண்டில் அவ்வெண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. அம்மாநிலத்தை நியூ ஜெர்சியோடும் பென்சில்வேனியாவோடும் ஒப்பிட்டு அதே ஆராய்ச்சிக் குழுவினர் 2010-இல் எழுதியபோது, இவ்வளவுக்கு உட்பட்ட பணிச்சுமை அமைந்த இடங்களில், மூன்று மாநிலங்களிலும், செவிலியரின் சோர்வும் அதிருப்தியும் குறைந்திருந்ததைப் பதிவு செய்தனர்.